கீழ் சிலிண்டர்

எனக்குக் கோபம் வரக் காரணமே வேண்டியதில்லை என்று என் மனைவி சொல்வாள். அது பொய். காரணம் எப்போதும் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அவளுடைய தம்பிதான் அது. என் ஒர்க்‌ஷாப்பில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிற என் மச்சினன். அவனுக்கு நான் செய்த ஒரு காரியத்தை எழுதப் போகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

வீடு தாராவியில். ஒர்க்‌ஷாப் செம்பூரைத் தாண்டி மாஹுல் போகிற வழியில், கழிமுகத்தை ஒட்டிய ஒரு தகர ஷெட். கோலிவாடாவில் இருக்கிற மீனவர்கள் படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாரை மூங்கிலில் கட்டி, இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவனுக்குக் கடல் மோட்டாரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆரம்பத்தில் ஆட்டோ ரிக்‌ஷா எஞ்சின் பார்த்தேன், அப்புறம் ஒருவர் படகு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார், அது ஓடியது. அவ்வளவுதான் கதை.

மோட்டாருக்கு வருகிற நோய்களில் மோசமானது கம்ப்ரஷன் குறைவது. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருக்கிற காற்றும் பெட்ரோலும் கசியாமல் அமுங்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்துபோனாலோ, கரி பிடித்து ஒட்டிக்கொண்டாலோ, சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்தாலோ, அந்த அழுத்தம் பக்கவாட்டில் ஓடிவிடும். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று பலமாகவும் ஒன்று நோஞ்சானாகவும் இருந்தால் கரையில் டிரம் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. வலையும் மீனும் ஏறி, எதிர்நீரோட்டத்தில் திரும்பி வரும்போது காலை வாரிவிடும்.

இதை அளக்க மீட்டர் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய ஓட்டையில் அதைத் திருகி, மோட்டாரின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி நாலு தரம் இழுத்தால் முள் ஏறி நிற்கும். நான் அதை வைத்துப் பார்த்ததே இல்லை. ஓட்டையில் என் கட்டைவிரலை அழுத்தி வைப்பேன். மச்சினன் கயிற்றை இழுப்பான். காற்று விரலை முட்டித் தள்ளுகிற வேகத்தை வைத்து, எந்த சிலிண்டர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அப்புறம் பிரித்துப் பார்த்தால் நான் சொன்னபடிதான் இருக்கும். கோலிவாடா முழுக்க என்னை உஸ்தாத், அதாவது தொழிலில் குரு, என்று கூப்பிட்டது இந்த விரலுக்காகத்தான். மீட்டர் வைத்துப் பார்க்கிறவன் வேலை தெரியாதவன் என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவை அவர்கள் மண்டையில் ஏற்றியவன் நான்.

ஒரு தடவை மச்சினன் குர்லாவில் அலைந்து ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தான். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். நான் அதை வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவையும் சுற்றி ஆணியில் மாட்டினேன். வருகிற போகிற வாடிக்கையாளர்களிடம், "எங்க மச்சினன் புதுசா ஒரு சாமி கொண்டாந்திருக்கான், கும்பிட்டுட்டுப் போங்க" என்று இந்தியில் சொன்னேன். எல்லோரும் கும்பிட்டார்கள். அவனும் சிரித்தான். அன்று முழுக்க அவன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை என்பதைப் பார்த்தேன், பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது.

இப்படித்தான் நாங்கள் இருந்தோம். அவனை ஏசாமல் எனக்கு ஒரு நட்டுகூட முறுகாது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பினாள். "இது என்ன, இவ்வளவு பெரிய கொப்புளம்? எங்க சுட்டுக்கிட்டிய?" என்றாள். அப்போதுதான் நானே பார்த்தேன். வலது கட்டைவிரலின் சதை முழுக்க வெந்து, தண்ணீர் கோத்து நின்றது. எங்கே சுட்டது, எப்போது சுட்டது, ஒன்றும் தெரியவில்லை. டீ கிளாஸ் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சர்க்கரை வியாதி எனக்குப் பல வருடமாக இருக்கிறது. தாராவியில் நான் போகிற டாக்டர் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு மெல்லிய நூலால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். கட்டைவிரல் வந்தபோது நான் இமையை லேசாகத் திறந்து பார்த்துக்கொண்டு, "நல்லாத் தெரியுது" என்றேன். டாக்டரை ஏமாற்றினால் நோய் ஏமாந்துவிடும் என்று நினைக்கிற ஆயிரம் முட்டாள்களில் நானும் ஒருவன். வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, சட்டைப் பித்தானை அந்த விரலால் தடவிப் பார்த்தேன். பித்தான் இல்லாத மாதிரி இருந்தது.

விரல் செத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் எனக்கு மன்னிப்புத் தேட வேண்டாம். அதன் பிறகும் நான் விரலை வைத்தேன். விரலை வைத்துக்கொண்டு, கழற்றிய பிளக்கின் நிறத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் கெட்டது, காய்ந்து பழுப்பாக இருந்தால் நல்லது. பாதி அனுமானம், பாதி அதிர்ஷ்டம். அப்படியே நாலைந்து மாதம் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் அந்த வேலை வந்தது. படகுத்துறையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற சின்னப் படகுகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு நிரந்தர மெக்கானிக் வேண்டும். அதன் சூப்பர்வைசர் கோலிவாடாக்காரர், எனக்குப் பழக்கமான ஆள். என் மச்சினனின் வேலையைப் பார்த்திருக்கிறார். "உஸ்தாத், அவன் நல்லவன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்துக்கொள்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு நம்பரைக் கொடுத்துப் போனார்.

மச்சினன் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லி, அவள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள்.

"தம்பி ஒரு காரியமா ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னான்."

"ஏன், அவன் வாயில கொழுக்கட்டையா இருக்கு?"

"ஒங்க மூஞ்சியப் பாத்து யாருக்குக் கேக்க வாய் வரும்? அந்த போட் கம்பெனி வேலைக்கு நல்லவிதமா ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாப்பது வயசு ஆவுது அவனுக்கு. ரெண்டு பொட்டப் பிள்ளையள வச்சிருக்கான். இன்னும் எத்தனை நாளைக்கு ஒங்க ஏச்சத் தின்னுக்கிட்டே கெடப்பான்?"

"பாப்போம்" என்றேன்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவன் போய்விட்டால் வேலைக்கு ஆள் கிடைக்காது என்றெல்லாம் இல்லை, தேவ்நாரில் தேடினால் பத்துப் பேர் கிடைப்பார்கள். எனக்குத் தாங்காதது வேறு. நான் தினமும் மிதித்து ஏறுகிற படி, நாளைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எதிரே நடந்து வந்து சௌக்கியமா என்று கேட்குமே, அது.

ஆடி மழை ஷெட்டின் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் வந்தது. கொண்டுவந்தவர் என்னைவிட மூத்த மீனவர், ஒர்க்‌ஷாப்பின் பழைய வாடிக்கை. மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து, நாரளி பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் விட்டதும் முதல் ஓட்டம் போக வேண்டும். மோட்டார் இழுவை இல்லாமல் இருக்கிறது, பாருங்கள் என்றார். விரலை மேல் சிலிண்டரில் வைத்தேன், கீழ் சிலிண்டரில் வைத்தேன். இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. மேல் பிளக் கறுத்து எண்ணெயாக இருந்தது, கீழ் பிளக் காய்ந்திருந்தது. "மேலே போய்விட்டது. கீழே அருமையாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மேல் சிலிண்டரை மச்சினன்தான் செய்தான். கரி பிடித்து ஒட்டியிருந்த ரிங்கை எடுத்து, சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, ரிங்கின் வாய் பிஸ்டனில் இருக்கிற சின்ன ஊசிக்கு நேராக உட்காரும்படி ஒவ்வொன்றாக மாட்டினான். அந்த இடம் பிசகினால் ரிங் சிலிண்டருக்குள் போகும்போதே உடைந்துவிடும். அவனுக்கு அது பிசகியதே இல்லை.

முடித்ததும் மீனவர் முன்னால் விரலை வைத்தேன். மச்சினன் கயிற்றை இழுத்தான். கயிறு இழுக்கிறவனுக்கும் அழுத்தம் கையில் தெரியும் என்பதை நான் அதுவரை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. "இரண்டும் பராபர், சரிசமம்" என்றேன். மச்சினன் கயிற்றை விடாமல் நின்றான்.

"அத்தான், கீழ கொஞ்சம் லேசாத் தெரியுது. ஒருக்கா மீட்டர் வச்சிப் பாத்துருவமா?"

மெதுவாகத்தான் சொன்னான், தமிழில்தான் சொன்னான். நான்தான் அதை ஊருக்கு அறிவித்தேன். "ஏல, கயிறு இழுக்கவனுக்கு எதுக்குல கம்ப்ரஷன்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவனை ஏசிவிட்டு, மீனவரிடம் இந்தியில், "என் மச்சினன் எனக்கே மீட்டர் வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறானாம்" என்றேன். மீனவர் சிரித்தார். மோட்டார் மூங்கிலில் ஏறிப் போனது.

முதல் ஓட்டம் போன மூன்றாம் நாள் அது நின்றது. வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நீர் வற்றுகிற நேரம், கழிமுகத்து வாயில். படகு நீரோட்டத்தில் இழுபட்டுப் போய்ப் பாறை ஓரம் சாய, பாதி வலையை அறுத்துவிட்டு, வேறு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. மீனவர் காலையில் வந்தார். கூடவே சூப்பர்வைசரும் வந்தார். திங்கட்கிழமை கம்பெனிக்கு ஆள் பெயர் கொடுக்க வேண்டும், என்னிடம் முடிவு கேட்டுப் போகலாம் என்று அவரும் அதே நேரம் கிளம்பியிருக்கிறார். மீனவர் சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "உஸ்தாத், நீங்கள் பார்த்துக் கொடுத்ததுதானே" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் இருபத்தைந்து வருடமும் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரைத் திறந்துகூடப் பார்க்காமல், "ரிங் மாட்டியது நானா? இவன்தான் மாட்டினான்" என்றேன், சூப்பர்வைசருக்குப் புரிய வேண்டும் என்று இந்தியிலேயே. "பதினாலு வருடம் ஆகிறது, ஒரு ரிங் மாட்டத் தெரியவில்லை." அதோடு விட்டிருக்கலாம். கையில் எஞ்சின் துடைக்கிற துணி இருந்தது, எண்ணெயில் ஊறியது. அதால் அவன் முகத்தில் அடித்தேன். கன்னத்திலும் கண்ணிலும் கறுப்பாகக் கோடு விழுந்தது.

அவன் கண்ணைத் துடைத்தான். கீழே விழுந்த துணியை எடுத்து, மடித்து, பெஞ்சில் வைத்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர்தான் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஆட்களை ஏற்றுகிற படகை எப்படி இவன் கையில் கொடுப்பது என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மீனவரோடு எழுந்து போனார்.

அவர்கள் போன பிறகு மோட்டாரைப் பிரித்தோம். மச்சினன்தான் பிரித்தான். மேல் பிஸ்டனில் அவன் மாட்டிய ரிங்குகள் கல்யாணத்துக்குப் போட்ட வளையல் மாதிரி பளிச்சென்று, போட்ட இடத்திலேயே இருந்தன. கீழ் பிஸ்டன் கறுத்து, ரிங் முழுக்க ஒட்டிப்போய், ஒரு பக்கம் உரசி உரிந்திருந்தது. நான் தொட வேண்டாம் என்று சொன்ன சிலிண்டர். இரண்டு பிஸ்டனையும் ஒரு பேப்பரை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"பாத்துக்கிடுங்க அத்தான்."

"மூடுல வாய."

"நான் மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க வெரல் செத்துப்போயி அஞ்சாறு மாசம் ஆச்சி. அன்னைக்கு வண்டி சைலன்ஸரத் தொட்டுக்கிட்டே நின்னு போன் பேசுனிய. தோலு வேகுத வாடை எனக்கு வந்துச்சு. நான்தான் ஒங்க கையைத் தட்டிவிட்டேன். அதுக்கும் ஏசுனிய."

எனக்கு ஞாபகம் வந்தது. கையைத் தட்டிவிட்டதற்காக, கண் தெரியவில்லையா என்று அவனை ஏசியிருக்கிறேன்.

"பெறவு ஏம்ல அவுக ரெண்டு பேருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா அக்கா என்னத்தத் திம்பா?" என்றான்.

அன்று சனிக்கிழமை. சூப்பர்வைசரின் நம்பர் என் சட்டைப் பையில் இருந்தது. திங்கட்கிழமை காலை வரை நேரம் இருந்தது. போன் செய்து, தவறு என்னுடையது, அவன் வேலை சுத்தம் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன். மனைவி, "தம்பி விஷயம் சொல்லிட்டியளா?" என்று கேட்டாள். "அவனுக ஏற்கெனவே ஆள் எடுத்துட்டானுவ" என்றேன். அவள் தம்பிக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். மீனவரிடம் மச்சினன் மாட்டிய ரிங்தான் உடைந்திருந்தது என்று சொல்லி, கீழ் சிலிண்டரையும் செய்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. பேசி வைத்துக்கொண்டது இல்லை, தானாக வந்தது. நான் விரலை வைப்பேன், அவன் கயிற்றை இழுப்பான். அழுத்தம் சரியாக இருந்தால் கயிற்றைத் தொங்கவிடுவான். குறைவு என்றால் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வான். நான் கயிற்றைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன். ஒரு மோட்டார்கூடத் தப்பவில்லை. உஸ்தாத் விரல் முன்னைவிடத் துல்லியம் என்று கோலிவாடாவில் பேசிக்கொண்டார்கள். நானும் அதைக் கேட்டுவிட்டு, அவனை வழக்கம்போல ஏசிக்கொண்டிருந்தேன். ஏசுவதை நிறுத்தினால் ஆட்கள் சந்தேகப்படுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் சூப்பர்வைசர் மறுபடி வந்தார். எடுத்த ஆள் துபாய்க்குப் போய்விட்டானாம், இடம் காலி. அதே மூத்த மீனவர் பிளக் மாற்ற மோட்டாரைக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார். வந்ததுதான் வந்தது, கம்ப்ரஷனையும் பார்த்துவிடுவோம் என்று மச்சினன் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"உங்கள் மச்சினன் இப்போது எப்படி, தேறிவிட்டானா?" என்று சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார்.

மச்சினன் கை கயிற்றில் நின்றது. அவன் திரும்பவில்லை, ஆனால் அவன் முதுகே காதாக இருந்தது. போன தடவை கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை கோபமே இல்லை. அவன் போய்விட்டால் கயிற்றில் சுற்றுப் போட்டுக் காட்ட யாரும் இல்லை, ஒரே வாரத்தில் என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நிதானமாகக் கணக்குப் போட்டேன்.

"இன்னும் இல்லை. இரண்டு வருடமாவது ஆகும்" என்றேன்.

சொல்லிவிட்டு விரலை ஓட்டையில் வைத்தேன். மச்சினன் இழுத்தான். ஒரு தரம், இரண்டு தரம். நான் கயிற்றைப் பார்த்தேன். அவன் அதைத் தொங்கவிடவில்லை, கையிலும் சுற்றவில்லை. பெஞ்சில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் புரிகிற இந்தியில் கேட்டான்.

"சொல்லுங்க உஸ்தாத். எப்படி இருக்கு?"

அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மீனவரும் சூப்பர்வைசரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் ஓட்டையிலேயே இருந்தது, அது என்னுடைய விரல் மாதிரியே இல்லை. பயமாக இருந்தது. பொய் சொல்லக்கூட எனக்கு எதுவும் வரவில்லை.

"தெரியவில்லை" என்றேன்.

மீனவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். உஸ்தாத் விரலுக்குத் தெரியவில்லையாம் என்று சூப்பர்வைசரும் வயிறு குலுங்கச் சிரித்தார். இவ்வளவு வருடம் நான் அடித்த கேலிகளில் இதுதான் பெரிய கேலி என்று நினைத்துவிட்டார்கள். கேலி இல்லை, உண்மை, போன தடவை தவறும் என்னுடையது என்று சொல்ல வேண்டிய இடம் அது. மச்சினன் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றான்.

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வேலைக்கு விக்ரோலியிலிருந்து ஒருவன் போய்விட்டான். மச்சினன் மறுநாளும் வேலைக்கு வந்தான், இன்றும் வருகிறான். கயிற்றில் சரியாகத்தான் காட்டுகிறான், ஒரு மோட்டாரிலும் என்னை ஏமாற்றியதில்லை. ஆனால் அத்தான் என்று கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அக்காவிடம், "உஸ்தாத் இருக்காரா?" என்றுதான் கேட்கிறான். முதல் தடவை அவள் சிரித்தாள். இரண்டாம் தடவை என் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான், நானும் ஒன்றுமில்லை என்றேன்.

மச்சினன் சின்ன வயதிலேயே பம்பாய் வந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், இதை அவன் படிக்கப் போவதில்லை. என் மனைவி ஊரில் பத்தாவது வரை படித்துவிட்டு வந்தவள். அவள் படிப்பாள்.